கருப்புக் காரில் சிலந்தி வலைக் கீறல்: நானே மெஷின் பாலிஷ் போடலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடமான கருப்பு ஹோண்டா சிட்டி, கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டின் கீழே திறந்தவெளியில் நிற்கிறது. இரவில் பெட்ரோல் நிலைய விளக்கின் கீழ் நிறுத்தினால் பொனட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியதுபோல் கீறல்கள். கடையில் பாலிஷும், பெயிண்டைக் காக்க மேலே பூசும் கோட்டிங்கும் சேர்த்து 1,200 ரிங்கிட் கேட்கிறார்கள். அதற்குப் பதில் ஒரு மெஷின் வாங்கி நீங்களே செய்யலாமா, செய்தால் பெயிண்ட் கெட்டுவிடுமா, ஓட்டுநர் பக்கக் கதவில் யாரோ சாவியால் இழுத்த கோடும் மறையுமா, கோட்டிங் போட்டால் இனிக் கீறலே விழாதா என்று படங்களும் அனுப்பிக் கேட்டிருக்கிறீர்கள். மெஷினால் சிலந்தி வலைக் கீறலை எடுக்க முடியும். அதில் சந்தேகமே வேண்டாம். உங்கள் கேள்விக்குள் இருக்கும் உண்மையான கேள்வி, அப்படி எடுக்கும்போது பெயிண்டில் எவ்வளவு போகிறது, அந்த இழப்பு தகுமா என்பதுதான். கார் பெயிண்டும் பாலிஷும் என் தொழில். கோலாலம்பூர் வெயிலிலும் மழையிலும் நின்ற கார்களையே பல ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

இன்றைய காரின் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காகப் பூச்சு இருக்கிறது. தொழிற்சாலையில் அடித்த பெயிண்டின் மொத்தத் தடிமன் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். சில கார்களில் அதற்கும் குறைவு. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதில் கிளியர் கோட் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். நாம் அச்சிடப் பயன்படுத்தும் ஏ4 தாளின் தடிமனே ஏறத்தாழ 100 மைக்ரான் என்றால், எவ்வளவு மெல்லிய ஒன்றின் மேல் மெஷினை ஓட்டப்போகிறீர்கள் என்று புரியும். காரின் பளபளப்பு இந்த அடுக்கில்தான் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர்களிடமிருந்து நிறத்தைக் காப்பதும் இதுதான். சிலந்தி வலைக் கீறல்கள் இதன் மேற்பரப்பில் சில மைக்ரான் ஆழத்துக்குள் இருக்கின்றன. கீறலை அழிப்பது என்றால், கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து இறக்குவது. மிதமான பாலிஷ் ஒருமுறை போட்டால் பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று மைக்ரான் வரை போகும். கரடான காம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசையும், மெஷினில் மாட்டும் கம்பளி பேடும் சேர்ந்தால் அதற்கு மேல். போன கிளியர் கோட் திரும்ப வராது. தீபாவளிக்குத் தீபாவளி கம்பளி பேடால் தேய்த்துப் பளபளப்பாக்கிய கார்கள், சில வருடங்களில் கூரையிலும் பொனட்டிலும் வெளுத்து, தோல் உரிவதுபோல் உரிந்து வருவதைப் பார்க்கிறோம். அந்த நிலையில் எந்தப் பாலிஷும் உதவாது. மறுபடி பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டும்.

அதனால் கீறலைப் பார்த்தவுடன் எப்படி எடுப்பது என்று யோசிப்பதற்கு முன் எப்படி வந்தது என்று பாருங்கள். கீறல்கள் வட்டமாகத் தெரிவதால், வட்டமாகத் துடைத்ததால் வந்தவை என்று பலரும் நம்புகிறார்கள். அப்படியல்ல. கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன; விளக்குக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புவதால் வட்டம்போல் தோன்றுகிறது. இருட்டில் கைபேசி டார்ச்சைப் பொனட் மேல் பிடித்து மெல்ல நகர்த்திப் பாருங்கள், வட்டமும் டார்ச்சோடு சேர்ந்து நகரும். ஆகவே நேர்க்கோட்டில் துடைத்தால் கீறல் விழாது என்ற அறிவுரையை நம்பி இருந்துவிடாதீர்கள். துணியில் மண் இருந்தால் நேராகத் துடைத்தாலும் கீறும்.

நம் ஊரில் கீறலுக்கு முதல் காரணம் காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கோழி இறகுத் துடைப்பானாலோ காய்ந்த துணியாலோ தூசி தட்டுவது. திறந்தவெளியில் நிற்கும் காரின் மேல் படிவது வெறும் தூசி அல்ல. கட்டுமான இடங்களின் சிமெண்ட் துகள், பிரேக்கிலிருந்து வரும் இரும்புத்தூள், புகைமூட்டம் வரும் மாதங்களில் சாம்பல் எல்லாம் அதில் இருக்கிறது. 2015, 2019 புகைமூட்டங்களுக்குப் பிறகு வந்த கார்களில் வழக்கத்தைவிட மோசமான கீறலைப் பார்த்தேன். மக்கள் தினமும் காய்ந்த துணியால் துடைத்திருந்தார்கள். அடுத்தது ஸ்னோ வாஷ், அதாவது கடையில் நுரை அடித்துக் கழுவுவது. நுரையில் குற்றம் ஒன்றும் இல்லை, நுரை நல்லது. நுரைக்குப் பின் வரும் பஞ்சைக் கவனியுங்கள். முந்தைய காரின் சக்கரத்தைத் தேய்த்த அதே பஞ்சு, அதே வாளித் தண்ணீரில் ஒருமுறை முங்கி உங்கள் பொனட்டுக்கு வருகிறது. தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி துடைப்பதையும் அங்கே பார்க்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது நம்மவர் கார்களில் மட்டும் காண்பது. கார் எடுத்ததும் கோயிலில் பூஜை போடுகிறோம், பொனட்டில் விபூதிப் பட்டையும் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். ஓரிரு நாள் கழித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகு, கைத்துணியால் தேய்த்து எடுக்கிறோம். விபூதி சாம்பல்தானே, அதன் துகள்கள் கிளியர் கோட்டைக் கீறும். பொனட்டின் நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு மட்டும் கீறல் அடர்ந்திருந்தால், பூஜை எங்கே போட்டார்கள் என்று கேட்காமலே சொல்லிவிடலாம். பூஜையை விட வேண்டியதில்லை. எடுக்கும்போது தண்ணீரை ஊற்றிச் சிறிது நேரம் ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் கரைத்து விடுங்கள், தேய்க்காதீர்கள். சந்தனத்தில் மஞ்சள் கலந்திருந்தால் வெள்ளைக் காரில் கறையும் நிற்கும், அதனால் சீக்கிரம் எடுப்பது நல்லது.

இந்தப் பழக்கங்கள் மாறாவிட்டால் எவ்வளவு நல்ல பாலிஷும் சில மாதங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். பிறகு மறுபடி பாலிஷ், மறுபடி சில மைக்ரான் இழப்பு. இரண்டு வாளி வைத்து, ஒன்றில் சோப்பு, ஒன்றில் பஞ்சை அலசும் தண்ணீர் என்று பிரித்து, மேலிருந்து கீழாகக் கழுவி, சக்கரத்துக்குத் தனித் துணி வைத்துக்கொண்டாலே பெரும்பகுதிக் கீறலைத் தவிர்க்கலாம்.

இனி மெஷின். ரோட்டரி மெஷின் ஒரே அச்சில் சுற்றும், வேகமாகத் தேய்க்கும், வேகமாகச் சூடேறும். ஓரங்களில் ஒரு நொடி அதிகம் நின்றாலே பெயிண்டைத் தின்றுவிடும். பழகிய கையில் அருமையான கருவி. பழகாத கையில் ஹோலோகிராம் என்று நாங்கள் சொல்லும், வெயிலில் நெளியும் பட்டைப் பட்டையான கோடுகளை விட்டுச் செல்லும். டூவல் ஆக்‌ஷன் மெஷின் சுற்றிக்கொண்டே அலைந்தும் ஆடும். பெரும்பாலான மெஷின்களில் ஓரத்தில் அழுத்தம் கூடினால் பேடின் சுழற்சி தானே நின்றுவிடும். அதனால் வேகம் குறைவு, ஆபத்தும் குறைவு. வீட்டில் செய்பவருக்கு நான் டூவல் ஆக்‌ஷனைத் தவிர வேறு எதையும் சொல்லமாட்டேன். பேடு ஒட்டும் ஐந்து அங்குலத் தட்டு, 8 அல்லது 15 மில்லிமீட்டர் ஆட்டம் உள்ளது போதும். 21 மில்லிமீட்டர் மெஷின் அகலமான பொனட்டுக்கு நன்றாக இருக்கும், ஆனால் சிட்டி போன்ற காரின் வளைவுகளில் அதை ஓட்டப் பழக்கம் வேண்டும். விலை சில நூறு ரிங்கிட்டில் தொடங்குகிறது. மெஷினைவிட பேடுகளுக்குச் செலவிடுங்கள். ஒரே பேடால் முழுக் காரையும் முடிக்க முடியாது. தேய்த்து எடுத்த பெயிண்டும் பழைய பாலிஷும் அதில் இறுகி, அந்த பேடே கீறத் தொடங்கும். மிதமான ஃபோம் பேடு நான்கைந்தும், மென்மையான ஃபோம் பேடு இரண்டு மூன்றும் இருக்கட்டும்.

உங்களுக்கு வரப்போகும் முதல் சிக்கல் இடம். அடுக்குமாடியின் கீழே மின் இணைப்பு கிடைக்காது, நிழலும் கிடைக்காது. வெயிலில் நின்ற கருப்புப் பொனட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் பாலிஷ் பரவுவதற்குள் காய்ந்து, பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும். தாமானில், அதாவது தரைவீட்டுக் குடியிருப்பில், இருக்கும் உறவினரின் போர்ச்சைக் கேட்டுப் பாருங்கள். காலையில் தொடங்குங்கள், முதல் தடவை ஒரு வார இறுதி முழுக்கத் தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை மழை காற்றோடு வந்தால் போர்ச்சுக்குள்ளும் சாரல் அடிக்கும்.

முதலில் நன்றாகக் கழுவி, இரும்புத்தூளைக் கரைக்கும் திரவத்தை அடியுங்கள். அது இரும்பைத் தொட்ட இடங்களில் ஊதாவாக மாறி வழியும். அலசிய பிறகு கிளே பார் என்னும் களிமண் போன்ற கட்டி கொண்டு, நன்றாக ஈரம் வைத்து, மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மிச்ச அழுக்கை எடுங்கள். உள்ளங்கையால் தடவினால் மணல் மணலாக இருந்தது வழவழப்பாக மாறும். கருப்புக் காரில் கிளே பாரே சிறு கீறலை விடும், பாலிஷ் போடப்போவதால் பாதகமில்லை. அடுத்து மறைப்பு டேப். கதவு ஓரங்கள், பொனட்டின் மடிப்பு விளிம்புகள், ரப்பர், கருப்பு பிளாஸ்டிக் எல்லாவற்றையும் மூடுங்கள். விளிம்புகளில் பெயிண்ட் மெல்லியதாக இருக்கும். பெயிண்ட் போய்விட்டது என்று என்னிடம் வந்த கார்களில் பெரும்பாலும் சேதம் விளிம்பிலும் மடிப்பிலும்தான். கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கும் பளபளப்பான கருப்புத் தூண் பட்டையை மெஷினால் தொடவே வேண்டாம், அது கிளியர் கோட்டைவிட மென்மையானது.

பிறகு முழுக் காரையும் மறந்துவிட்டு, பொனட்டில் இரண்டு சாண் சதுரத்தில் மட்டும் சோதனை செய்யுங்கள். மிகக் குறைந்த வீரியமுள்ள பாலிஷும் மென்மையான பேடும் கொண்டு தொடங்கி, போதாவிட்டால் மட்டுமே ஒரு படி மேலே போக வேண்டும். ஜப்பானியக் கார்களின் பெயிண்ட் மென்மை, ஜெர்மன் கார்களின் பெயிண்ட் கடினம் என்று தொழிலில் சொல்வார்கள். பாதி உண்மை இருக்கலாம். அதை நம்பிக் காம்பவுண்டைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஒரே காரில் இரண்டு கதவுகள் வேறுவேறாக நடந்துகொள்வது உண்டு, குறிப்பாக ஒன்று மறுபடி பெயிண்ட் அடிக்கப்பட்டிருந்தால். சோதனைச் சதுரத்தில் எது வேலை செய்கிறதோ அதுதான் உங்கள் காருக்கான பதில்.

பேடில் பட்டாணி அளவில் நான்கைந்து சொட்டு போதும். மெஷினை இயக்காமல் பேடை அந்தச் சதுரத்தில் ஒற்றிப் பரப்பிவிட்டு, குறைந்த வேகத்தில் ஒரு சுற்று, பிறகு நான்கு அல்லது ஐந்தாம் வேகம். கையின் ஓட்டம் நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். எல்லாருக்கும் இது தாங்கமுடியாத மெதுவாகத் தோன்றும், அவசரப்பட்டு அகலமாக வீசுவார்கள், கீறல் அப்படியே இருக்கும். ஒவ்வொரு கோடும் முந்தைய கோட்டின் பாதியை மூட வேண்டும். மேலும் கீழுமாக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை, இப்படி நான்கிலிருந்து ஆறு தடவை. தட்டின் பக்கவாட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது தெரிந்தால் அழுத்தம் சரி. கோடு நின்று நடுங்கினால் அதிகம் அழுத்துகிறீர்கள், அல்லது மெஷினைச் சாய்த்திருக்கிறீர்கள். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேடைத் தூரிகையால் சுத்தம் செய்து, தகட்டைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கையை எடுக்கவைக்கும் சூடு கூடாது, ஆறவிட்டுத் தொடருங்கள்.

அடுத்த கட்டத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள், கடைக்காரர்கள் சிலர் ஏமாற்றவும் செய்கிறார்கள். பல பாலிஷ்களில் எண்ணெயும் கீறலை நிரப்பும் பொருளும் இருக்கின்றன. துடைத்தவுடன் கீறல் மறைந்ததுபோல் தெரியும், சில தடவை கழுவியபின் திரும்ப முளைக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை 10 முதல் 20 சதவீத அளவுக்குத் தண்ணீரில் கலந்து தெளித்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் மென்மையாகத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் உண்மையான நிலை. கருப்புக் காரில் கீறல் போன இடத்தில் மெல்லிய பனிப்படலம்போல் ஒரு மங்கல் மிஞ்சினால் பயப்பட வேண்டாம். மென்மையான பேடும் நுண்ணிய பாலிஷும் கொண்டு இன்னொரு சுற்று ஓட்டினால் அது தெளியும்.

எங்கே நிறுத்துவது என்பதில் என் கருத்து உறுதியானது. பத்துக்கு எட்டுக் கீறல் போனால் நிறுத்திவிடுங்கள். மிச்சமுள்ள இரண்டு ஆழமானவை. அவற்றைத் துரத்தினால் அந்த இடம் முழுவதையும் இறக்க வேண்டும். பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி இருந்தால் முன்னும் பின்னும் அளக்கலாம். ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். சாதாரணக் கருவி மொத்தத் தடிமனைச் சொல்லும். அதில் கிளியர் கோட் எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே வேலையே செய்யாது. 120 மைக்ரான் என்று காட்டினால் தைரியமாகத் தேய்க்கலாம் என்று அர்த்தமில்லை. பக்கத்துக் கதவு 110, இது 250 என்றால் இங்கே மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். படங்களை வைத்து உங்கள் காரில் எவ்வளவு மிச்சம் என்று என்னாலும் சொல்ல முடியாது. முந்தைய உரிமையாளர் இருந்திருந்தால், அவர் எத்தனை முறை பாலிஷ் போட்டார் என்பதும் தெரியாது. அந்தக் காரணத்துக்காகவே குறைவாக எடுக்கச் சொல்கிறேன்.

இரண்டாவது படத்தில் பொனட்டில் தெரியும் வட்டத் தழும்புகள் கீறல் அல்ல, மழைத்துளி வெயிலில் காய்ந்த தடமாகத் தோன்றுகிறது. மேலே படிந்த கறையாக இருந்தால் அதற்கென்று விற்கும் மென்மையான அமிலத் திரவம் எடுத்துவிடும். கிளியர் கோட்டை அரித்துப் பள்ளமாக்கியிருந்தால் பாலிஷ் குறைக்கும், முழுவதும் எடுக்காமலும் போகலாம். பறவை எச்சமும் இப்படித்தான், மைனாவும் காகமும் உட்காரும் மரத்தடியில் நிறுத்தினால் அன்றன்றே தண்ணீர் விட்டு எடுத்துவிடுங்கள்.

கோட்டிங் பற்றி. தண்ணீரும் அழுக்கும் எளிதில் வழிந்தோடும், கழுவுவது சுலபமாகும், கழுவுவது சுலபமானால் கீறலும் குறையும், இது நிச்சயம். கீறலே விழாது என்பது பொய். 9எச் என்று விளம்பரப்படுத்துவது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் உச்ச அளவு. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் ஒன்பது என்று நினைத்துவிடாதீர்கள். பூசிய படலமே பெரும்பாலும் ஓரிரு மைக்ரான்தான், மண் ஒட்டிய பஞ்சை அது தடுக்காது. கல் தெறிப்பையும் கீறலையும் உண்மையாகத் தாங்குவது 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பாதுகாப்பு ஃபிலிம். அதன் விலை வேறு தரம். ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டு என்று சொல்லும் கோட்டிங் உத்தரவாதத்தை, தினமும் வெயிலில் நிற்கும் காருக்கு நான் அப்படியே எடுத்துக்கொள்ளமாட்டேன். கீறலை எடுக்காமல் மேலே கோட்டிங் பூசினால் கீறல் உள்ளேயே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்படியானால் கடையா, நீங்களா? 1,200 ரிங்கிட் அதிகமா குறைவா என்பது அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. தடிமன் அளக்கிறார்களா, எத்தனை கட்டமாகப் பாலிஷ் போடுகிறார்கள், பொனட்டில் டேப் ஒட்டி ஒரு பாதியை மட்டும் செய்து, ஆல்கஹாலால் துடைத்துக் காட்டுவார்களா என்று கேளுங்கள். தயங்காமல் காட்டினால் அந்தக் கடையில் கொடுங்கள். ஒரு மணி நேரத்தில் காரைத் தந்துவிடுகிறேன் என்றால் கொடுக்காதீர்கள். பொறுமையும் ஒரு வார இறுதியும் போர்ச்சும் உங்களிடம் இருந்தால் நீங்களே செய்யலாம், மெஷினும் உங்களிடமே இருக்கும். ஆனால் முதலில் உங்கள் கார் வேண்டாம். பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப் கட் கடைகளில் ஒடுங்கிய பழைய பொனட் கிடைக்கும். கருப்பாகப் பார்த்து ஒன்றை வாங்கி, அதன் விளிம்பில் வேண்டுமென்றே பெயிண்ட் போகும்வரை தேய்த்துப் பாருங்கள். எவ்வளவு நேரத்தில், எந்த ஒலியில், எந்தச் சூட்டில் போகிறது என்று கை அறிந்துகொள்ளும்.

சாவிக் கோட்டை மட்டும் பாலிஷிலிருந்து தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். நகத்தைக் குறுக்காக இழுத்தால் நகம் அதில் மாட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், படத்தில் நடுவே வெள்ளையும் தெரிகிறது. அப்படியானால் அது நிறத்தையும் தாண்டிப் பிரைமர் வரை போயிருக்கிறது. பாலிஷ் அதன் இரு ஓரங்களையும் மழுக்கிச் சற்று மங்கலாக்கும், அழிக்காது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உங்கள் நிறத்தின் குறியீடு இருக்கும். அதைக் கொடுத்து, சிறு இடங்களை நிரப்பும் டச்சப் பெயிண்ட் வாங்கி, கோட்டை ஆல்கஹாலால் சுத்தம் செய்து, மெல்லிய தூரிகையால் கோட்டுக்குள் மட்டும், ஒருமுறை காய்ந்தபின் மறுமுறையாக நிரப்புங்கள். பிரைமர் மூடியிருக்கும்வரை துரு வராது. வெறும் தகடு தெரிந்தால் இந்த ஈரக்காற்றில் தாமதிக்கக் கூடாது. நிரப்பிய இடம் நன்றாக இறுக ஒரு வாரமாவது விட்டு, அதுவரை அந்தக் கதவுக்கு மெஷின் வேண்டாம்.